உப்புக்கறைக்கு வினிகரா, எலுமிச்சையா, சிட்ரிக் ஆசிடா, இல்ல அந்த நுரை வித்தையா?

வீட்டுக்குறிப்பு வீடியோ எதைத் திறந்தாலும் குழாய்ல படிஞ்ச வெள்ளைக் கறைக்கு ஒரு வித்தை வச்சிருக்காங்க. ஒருத்தர் வினிகர்ங்கறார், ஒருத்தர் எலுமிச்சம்பழத்தைப் பாதியா வெட்டித் தேய்ங்கறார், இன்னொருத்தர் பேக்கிங் சோடாவைத் தூவி அது மேல வினிகரை ஊத்திப் பொங்க விட்டு "பாத்தீங்களா"ங்கறார், அப்புறம் டூத்பேஸ்ட், கோலா, கல்லுப்புனு லிஸ்ட் போயிட்டே இருக்கு. இதுல முக்கால்வாசியை எங்க வீட்டு பாத்ரூம்லயே பண்ணிப் பாத்துட்டு கடைசில சிட்ரிக் ஆசிட் பவுடர்ல வந்து நின்னுட்டேன், அதனால இது நடுநிலையான அலசலா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. ஆனா மத்ததுக்கு எங்க மார்க் போடணுமோ அங்க போட்டுடறேன்.

முதல்ல அந்தக் கறை என்னன்னு ரெண்டு வரி, ஏன்னா அது தெரிஞ்சாலே பாதி வித்தை தானா கழண்டுடும். நாம உப்புக்கறைன்னு சொல்றோமே தவிர அது சமையல் உப்பு இல்ல, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், கூட கொஞ்சம் மக்னீசியம். தண்ணில கரைஞ்சு இருக்கற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது, தண்ணி காஞ்சாலோ சூடானாலோ வெளிய வந்து ஒட்டிக்கும். அதனாலதான் கெட்டில் அடில, கீசர் உள்ள, ஷவர் ஓட்டைல, குழாய் மூக்குல மட்டும் இப்படி அப்பிக்கிட்டு நிக்குது. கால்சியம் கார்பனேட் கணக்குல இது லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல இருந்தா ரொம்பக் கடினமான தண்ணினு வகைப்படுத்துவாங்க. 300 மில்லிகிராம் இருக்கற தண்ணில ஒரு லிட்டர் அப்படியே காஞ்சா 0.3 கிராம் கறை மிச்சம், கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா தினமும் சொட்டுச் சொட்டா காயுதே, அதுதான் சேந்துக்கிட்டே போகுது. சுண்ணாம்புக்கல்லும் மார்பிளும் இதே கால்சியம் கார்பனேட்தான், அதாவது குழாய் மேல குட்டியா ஒரு கல்லு வளருது. வெறும் தண்ணிக்கோ சோப்புக்கோ அது அசையாது, ஆசிட் பட்டாதான் கரையும். அந்த ஆசிட் எதுங்கறதுதான் போட்டியே.

சீக்கிரம் தள்ளிவிட வேண்டியதைத் தள்ளிடறேன். டூத்பேஸ்ட் கறையைக் கரைக்காது, நைசா உரசும் அவ்வளவுதான். மெல்லிசா தண்ணி காஞ்ச திட்டா இருந்தா பளபளன்னு ஆகும், உடனே "சூப்பர்"னு தோணும், தடியா படிஞ்சதுல ஒண்ணும் நடக்காது. நிறைய டூத்பேஸ்ட்ல உரசறதுக்குன்னே கால்சியம் கார்பனேட் போடறாங்க, கறையை எடுக்கறதுக்குக் கறையோட சொந்தக்காரனையே கூட்டிட்டு வர்ற மாதிரி. கோலாவுல பாஸ்பாரிக் ஆசிட் இருக்கு, பிஎச் (அமிலத்தன்மையோட அளவு, 7-க்குக் கீழ போகப்போக அமிலம் அதிகம்) 2.5 பக்கம் வரும், அதனால வேலை செய்யுதுன்னு சொல்றது பொய் இல்ல. ஆனா ஆசிட்டோட அளவு ரொம்பக் கம்மி, கூடவே 100 மில்லில 10 கிராமுக்கு மேல சர்க்கரை, ஊத்திட்டு அந்தப் பிசுபிசுப்பைக் கழுவறது தனி வேலை. கல்லுப்பு ஆசிட்டே இல்ல, எலுமிச்சையோட சேத்து பித்தளை செம்புப் பாத்திரம் தேய்க்கறதுல அதுக்கு ஒரு பங்கு உண்டு, இங்க சும்மா சொரசொரப்புக்குத்தான்.

அடுத்தது அந்த நுரை வித்தை. இதைக் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா ஜனங்க அதிகமா நம்பறது இதைத்தான், பாக்கவும் அழகா இருக்கு. பேக்கிங் சோடா காரம், வினிகர் அமிலம். ரெண்டையும் சேத்தா கார்பன் டை ஆக்சைடு பொங்கி வெளிய போகும், மிச்சம் தண்ணியும் சோடியம் அசிடேட்டும். அதாவது கறையைக் கரைக்க வேண்டிய அமிலம், கறை கிட்ட போறதுக்கு முன்னாடியே சோடாவோட சண்டை போட்டுத் தீந்து போச்சு. ஒரு டேபிள்ஸ்பூன் பேக்கிங் சோடா சுமார் 14 கிராம் வரும், கடைல கிடைக்கற 5 சதவீத வினிகர்ல அது கிட்டத்தட்ட 200 மில்லியைச் செல்லாக்காசா ஆக்கிடும். வீடியோல ஊத்தறது பெரும்பாலும் அரை டம்ளர் வினிகர், மேல மூணு ஸ்பூன் சோடா. அப்ப குழாய் மேல மிஞ்சறது லேசா உப்புக்கரிக்கற தண்ணியும் கரையாத சோடாத்தூளும்தான். அப்புறம் எப்படி சுத்தமாச்சுன்னு கேட்டா, கடைசில ஸ்க்ரப்பர் வச்சு அழுத்தித் தேய்க்கறாங்க பாருங்க, அதுதான் பண்ணுச்சு.

வேடிக்கை என்னன்னா நுரை வர்றது நல்ல அறிகுறிதான், ஆனா அது எங்கிருந்து வருதுங்கறதுதான் கேள்வி. கறை மேல நேரா ஆசிட் சொட்டு விட்டீங்கன்னா கறையே கரைஞ்சு பொடிப்பொடியா குமிழி விடும், சத்தமில்லாம, கிட்ட போய்ப் பாத்தாதான் தெரியும், கறை ஓரத்துல ஊசிமுனை அளவுக்குக் குமிழிங்க வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த நுரைதான் வேலை. பொங்கி வழியறது கண்காட்சி. பேக்கிங் சோடாவைக் குறை சொல்லல, எண்ணெய்ப் பிசுக்குக்கும் பிரிட்ஜ் வாடைக்கும் அது தனியா நல்லாவே உதவும், வினிகரும் தனியா நல்லதுதான், ரெண்டையும் ஒரே நேரத்துல ஊத்தறதுதான் வீண்.

எலுமிச்சம்பழம் உண்மையான ஆசிட், அதுல சந்தேகமே இல்ல. சாறுல சிட்ரிக் ஆசிட் சுமார் 5, 6 சதவீதம், வினிகரோட பலம்தான். அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு: பாதி வெட்டின பழத்தை குழாய் மூக்குல அப்படியே செருகி ரப்பர் பேண்ட் போட்டு விட்டுட்டா, பழமே பிடிச்சுக்கிட்டு நிக்கும், சாறு ஒழுகிடாது, அரை மணி நேரம் கழிச்சு எடுத்தா அந்த விளிம்பு நல்லா வந்திருக்கும். பிழிஞ்ச மூடியா இருந்தாலும் பரவால்ல, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை வாங்கின மாதிரி. ஆனா பாத்ரூம் முழுக்கப் பழத்தை வச்சு பண்ணறேன்னு இறங்கினா கட்டுப்படியாகாது. ஒரு பழத்துல 30, 40 மில்லி சாறு, அதுல ஆசிட் ரெண்டு கிராம் தேறும். 50 கிராம் ஆசிட் வேணும்னா 25 பழம் பிழியணும், பிழிஞ்சு சக்கை வடிகட்டி, அதுக்கப்புறம் பிசுபிசுப்பு கழுவி... வேணாம்.

இப்ப உண்மையான போட்டி, வினிகருக்கும் சிட்ரிக் ஆசிடுக்கும்.

வினிகர் வேலை செய்யும். நல்லாவே செய்யும். சிட்ரிக் ஆசிட் ஆளுங்க (என்னையும் சேத்து) சில சமயம் வினிகர் சுத்த வேஸ்ட்ங்கற மாதிரி பேசுவாங்க, அது சரியில்ல. கணக்குப் போட்டுப் பாத்தா கிராமுக்கு கிராம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: 1 லிட்டர் 5 சதவீத வினிகர்ல 50 கிராம் அசிட்டிக் ஆசிட் இருக்கு, அது 40 கிராம் பக்கம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும், 50 கிராம் சிட்ரிக் ஆசிடும் அதே அளவுதான் கரைக்கும். இது பேப்பர் கணக்கு, நடைமுறைல ரெண்டுமே கடைசிச் சொட்டு வரைக்கும் உழைக்காது, போகப்போக மந்தமாயிடும். கண்ணாடி துடைக்கறதுல வினிகர்தான் ஒரு படி மேல, ஏன்னா அது முழுசா ஆவியாயிடும், சிட்ரிக் தண்ணியைக் கழுவாம விட்டா காஞ்சு பவுடரா வெள்ளைத் திட்டு நிக்கும். அப்புறம் வினிகர் ரெடிமேட், பாட்டிலைத் திறந்து ஊத்த வேண்டியதுதான், கலக்கற வேலை இல்ல. எப்பவோ ஒரு தடவை கெட்டிலைச் சுத்தம் பண்ணறவங்களுக்கு வீட்ல இருக்கற வெள்ளை வினிகரே தாராளமா போதும், இதுக்குன்னு போய் தனியா எதுவும் வாங்க வேண்டாம்.

ஆனா உப்புத்தண்ணி வர்ற வீட்ல கதை எப்போவோ ஒரு தடவைனு முடியறதில்லையே. என்னை ஒரு பக்கம் சாய வச்சது அதுதான். பலம், வேகம் எல்லாம் அப்புறம். இந்தக் கறை ஒரு தடவை எடுத்துட்டா போற அழுக்கு இல்ல, தண்ணி மாறாத வரைக்கும் இன்னைக்கு எடுத்த இடத்துல நாளைக்கே ஆரம்பிக்கும். அப்ப எது ஒரு தடவைல சுத்தமா எடுக்குதுன்னு பாத்தா போதாது. எதை வாரா வாரம் சலிக்காம பண்ண முடியும், அப்படிப் பண்ணாலும் குழாய் கெடாம இருக்கும்னுதான் பாக்கணும்.

ஆசிட் கறையோட மேல்தோலை மட்டும்தான் கரைக்கும், உள்ள ஊறிப் போய் மொத்தமா உடைக்கறதில்ல, ஒவ்வொரு அடுக்கா கரைச்சுக்கிட்டுதான் போகும். ஒரு வாரத்துக் கறைனா மெல்லிசு, அஞ்சு பத்து நிமிஷத்துல காணாம போயிடும். மூணு மாசத்துக் கறையா இருந்தா மணிக்கணக்கு, நடுவுல ஆசிடை மாத்தி மாத்தி ஊத்தணும். ஆக தள்ளிப் போடறவன்தான் இங்க தோக்கறான். எப்படி நடக்கும்னா, வினிகர் வாடை ஒத்துக்காம இந்த வாரம் வேணாம்னு விடுவோம், அடுத்த வாரம் பாட்டில் காலியா இருக்கும், அடுத்தது மறந்துடும், அப்புறம் ஒரு நாள் பாத்தா ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சு தண்ணி பக்கவாட்டுல பீச்சும், இதுக்கு வினிகர் எல்லாம் பத்தாதுன்னு டாய்லெட் ஆசிடைக் கைல எடுப்போம், அதோட குழாய் மேல இருக்கற பளபளப்பான குரோம் பூச்சு காலி, பூச்சு போன சொரசொரப்புல கறை இன்னும் நல்லா பிடிக்கும். எந்தப் பொருள் இந்தச் சங்கிலியோட முதல் கண்ணியையே அறுக்குதோ அதுதான் ஜெயிக்கும், எனக்கு அது சிட்ரிக் பவுடர்தான்.

ஏன்னு சொல்றேன். வாடையே இல்ல, இது சின்ன விஷயமாத் தெரியும், ஆனா மூடின பாத்ரூம்ல வெந்நீரோட வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊற வச்சிட்டு உள்ள போனவங்களுக்குத் தெரியும், கண்ணு எரியும், அந்த வாடை துண்டு வரைக்கும் ஏறும். சிட்ரிக் ஆவியாகாது, அதனால வெதுவெதுப்பான தண்ணில கலக்கலாம், சூடா இருந்தா வேலையும் சீக்கிரம் நடக்கும். வினிகர்ல பாட்டில்ல 95 சதவீதம் தண்ணியைத்தான் தூக்கிட்டு வர்றோம், வைக்கறதுக்கும் இடம், இது சின்ன டப்பால மாசக்கணக்குக்கு வரும். அதைவிடப் பெருசு, பலம் நம்ம கைல இருக்கு. வினிகர் 5 சதவீதம்னா அவ்வளவுதான். இதுல வாராந்திர ஸ்ப்ரேக்கு லிட்டருக்கு 30, 40 கிராம், பழைய கறைக்கு 100 கிராம்னு நாமளே முடிவு பண்ணிக்கலாம், தண்ணில அது அவ்வளவு தாராளமா கரையும். கூடுதலா ஒண்ணு, தண்ணில இரும்பு இருந்து பழுப்பா கறை விழற வீடுகள்ல சிட்ரிக் அந்த இரும்பையும் பிடிச்சு இழுத்துக் கரைக்கும், அதுல வினிகர் ரொம்ப மெதுவு.

பாக்கெட்ல எலுமிச்சை படம் போட்டு எலுமிச்சை உப்புன்னு வித்தாலும் இப்ப இதை யாரும் பழத்துல இருந்து எடுக்கறதில்ல. 1784-ல ஷீலேங்கற ஸ்வீடன் வேதியியலாளர் எலுமிச்சைச் சாறுல இருந்துதான் முதல்ல பிரிச்சு எடுத்தார், ஆனா 1919 வாக்குல இருந்து தொழிற்சாலைல சர்க்கரைக் கரைசல்ல ஒரு கருப்புப் பூஞ்சையை வளத்துத்தான் தயாரிக்கறாங்க. இயற்கையா செயற்கையானு சண்டை போடறவங்களுக்காக சொன்னேன், குழாய்க்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இதோட அருமை தெரியணும்னா குழாய் மூக்குல திருகிப் போட்டிருக்கற அந்தச் சின்ன சல்லடைல பண்ணிப் பாருங்க. துணியைச் சுத்திப் பிடிச்சுத் திருகினா கழண்டு வந்துடும். வலைல வெள்ளையா பச்சையா பொருக்கு கட்டிப் போய் பாதிக் கண்ணு அடைச்சிருக்கும், உள்ள மணல் துகள்கூட மாட்டியிருக்கும். ஒரு கப்ல வெதுவெதுப்பான தண்ணி ஒரு டம்ளர், அதுல சிட்ரிக் ஒரு டேபிள்ஸ்பூன், கலக்கிட்டு இதைப் போட்டீங்கன்னா உடனே வலைல இருந்து மெல்லிசா குமிழி நூல் நூலா மேல வரும், கொஞ்ச நேரத்துல பொருக்கு செதில் செதிலா உதிர்ந்து கப் அடில உக்காரும். குமிழி நின்னுடுச்சுன்னா ஒண்ணு கறை தீந்துச்சு, இல்ல ஆசிட் தீந்துச்சு. எடுத்துப் பாத்து இன்னும் இருந்தா தண்ணியை மாத்துங்க. பழைய டூத்பிரஷ்ல ஒரு தட்டுத் தட்டிக் கழுவி மாட்டினா தண்ணி பீச்சாம நேரா விழும். வாஷர் உள்ள இருக்கும், கழுவும்போது அதைத் தண்ணி போற ஜாலி ஓட்டைல விட்டுடாதீங்க.

ஷவருக்கு பாலிதீன் கவர்ல கரைசலை ஊத்தி தலை முங்கற மாதிரி கட்டி விடற வித்தை இருக்கே, அது உண்மையிலேயே நல்ல வித்தை, வினிகர்லயும் வேலை செய்யும் சிட்ரிக்லயும் வேலை செய்யும். ஆனா ராத்திரி பூரா கட்டி வைங்கன்னு சொல்றாங்களே அது வேணாம், குரோம் பூச்சுக்கு அவ்வளவு நேரம் ஆசிட்ல கிடக்கறது நல்லது இல்ல. சிட்ரிக்கை லிட்டருக்கு 50, 60 கிராம் போட்டு வெதுவெதுன்னு ஊத்தினா அரை மணி நேரம் போதும். செங்குத்தா இருக்கற இடத்துல, குழாய் அடிப்பக்கம், டைல்ஸ் சுவர் எல்லாம், ஸ்ப்ரே அடிச்சா வழிஞ்சு ஓடிடும், ஒட்டிக்கிட்டு இருக்கற நேரமே இருக்காது. அங்க டிஷ்யூ பேப்பரை நனைச்சு ஒட்டி விட்டுடணும், காயாம இருக்க மேல ஒரு கவர் சுத்தினா இன்னும் நல்லது. ஆசிட் வேலை செய்யலன்னு புலம்பறவங்கள்ல பாதிப் பேருக்கு ஆசிட் சரிதான், அது கறையோட உக்காந்து இருக்கவே இல்ல.

கெட்டிலுக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன், சூடு பண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணிட்டு, அரை மணி நேரம் விட்டு ஊத்திடுங்க, ரெண்டு தடவை அலசி, ஒரு தடவை வெறும் தண்ணி கொதிக்க வச்சுக் கொட்டிடுங்க. ரொம்பத் திக்கா கலந்து கொதிக்க விட்டு மறந்து போனா, கரைஞ்ச கால்சியம் சிட்ரிக்கோட சேந்து கால்சியம் சிட்ரேட்டா மறுபடி வெள்ளையா படிய வாய்ப்பு இருக்கு, அது தண்ணில அவ்வளவா கரையாது. சிட்ரிக்ல இருக்கற பெரிய தொல்லைன்னு சொன்னா இதைத்தான் சொல்வேன், வினிகர்ல இந்தப் பிரச்னை கிடையாது, கால்சியம் அசிடேட் தண்ணியோட தண்ணியா போயிடும். கறை ஏகத்துக்கும் தடியா இருந்தா ஒரே தடவைல முடிக்கணும்னு பவுடரைக் கொட்டாதீங்க, அளவா கலந்து ரெண்டு சுத்து விடுங்க.

டாய்லெட் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கற கிளீனர், வேகத்துல எல்லாத்தையும் தூக்கி சாப்பிட்டுடும். ஊத்தின உடனே சீறும். டாய்லெட் பீங்கானுக்கு அது சரி, அதுக்குத்தான் செஞ்சிருக்காங்க. குழாய், ஷவர், எவர்சில்வர் சிங்க் பக்கம் வேண்டவே வேண்டாம், குரோமைத் தின்னுடும், எவர்சில்வர்ல புள்ளி புள்ளியா அரிப்பு விழும், டைல்ஸ் இடுக்குல இருக்கற சிமெண்டும் கரையும். இன்னொண்ணு, இது எந்த ஆசிடுக்கும் பொருந்தும், வினிகருக்கும் சிட்ரிக்குக்கும் சேத்துத்தான் சொல்றேன்: பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ போட்ட இடத்துல ஆசிட் படக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூம்ல அது நுரையீரலுக்கு நேரடி ஆபத்து. ரெண்டும் சேந்தா டபுள் சுத்தம்னு சொல்ற வீடியோவைப் பாத்தா அப்படியே தள்ளிட்டுப் போயிடுங்க.

சிட்ரிக் தோக்கற இடமும் இருக்கு. ஷவர் கண்ணாடில, பக்கெட்ல வெள்ளையா மங்கலா படியறது எல்லாமே கல் கறை இல்ல, பாதி சோப்புக் கறை, சோப்பும் கால்சியமும் சேந்து ஒட்டற மெழுகு மாதிரி சமாச்சாரம். அதுல ஆசிட் மட்டும் ஊத்தினா கால்சியம் பிரிஞ்சு வரும், கொழுப்பு அங்கயே நிக்கும். முதல்ல பாத்திரம் கழுவற லிக்விட் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டு அப்புறம் சிட்ரிக் அடிச்சா நல்லா வரும், பக்கெட் மக் விஷயத்துல இந்த வரிசைதான் எனக்கு வித்தியாசம் காட்டுச்சு. ரெண்டுமே பண்ணியும் கண்ணாடி மங்கலாவே இருந்தா, கண்ணாடியே அரிச்சுப் போயிருக்கலாம், இல்ல படிஞ்சது சிலிக்காவா (மணல்ல இருக்கற அதே பொருள்) இருக்கலாம், அதுக்கு வீட்ல இருக்கற எந்த ஆசிடும் உதவாது. ஒரு சொட்டு விட்டு உத்துப் பாருங்க, குமிழி வந்தா மேல போங்க, வரலன்னா பவுடரை வீணாக்காதீங்க.

மார்பிள், மொசைக் தரைல எந்த ஆசிடும் கூடாது, எலுமிச்சைகூட, ஏன்னா தரையும் கறையும் ஒரே பொருள், ஆசிடுக்கு வித்தியாசம் தெரியாது. வாஷ்பேசின் மேடை மார்பிளா இருந்தா குழாய்க்கு டிஷ்யூ ஒட்டும்போது கீழ துணி விரிச்சுக்கங்க. அலுமினியப் பாத்திரமும் இந்த லிஸ்ட்தான்.

எல்லா வித்தையையும் விட நல்லா வேலை செய்யறது ஒண்ணு இருக்கு, அதை யாரும் வீடியோவா போட மாட்டாங்க, பாக்க ஒண்ணும் இல்லாததால. குளிச்சு முடிச்சதும் ஒரு பழைய துணியால குழாயையும் கண்ணாடியையும் துடைச்சு விடறது. தண்ணி காயறதுக்கு முன்னாடி எடுத்துட்டா கறை எங்கிருந்து வரும்? நாங்களும் ஒழுங்கா பண்ணறோம்னு சொல்ல மாட்டேன், வீட்ல எல்லாரும் துடைக்கணுமே, அங்கதான் மாட்டிக்குது. பண்ணற வீட்டுக்கு இந்த அலசலே தேவையில்ல.

வாஷிங் மெஷின், கீசர் பத்தி நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். மெஷின்ல காலி டிரம்முல சிட்ரிக் போட்டு வெந்நீர்ல ஓட விட்டிருக்கேன், வாடை போச்சு, ரப்பர் வளையம் நல்லாதான் இருக்கு, ஆனா அது எங்க மெஷின், வருஷக்கணக்குல என்ன ஆகும்னு சொல்ற அளவுக்கு ஓட்டல, அதனால கூட வந்த புக்குல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. கீசரை நானா திறக்கறதில்ல, கரண்ட்டும் இருக்கு, உள்ள இருக்கற காயில், ராடு எல்லாம் வேற உலோகம், அது மெக்கானிக் வேலை. கருப்பு, தங்கக் கலர் பூச்சு போட்ட குழாய் எங்க வீட்ல இல்ல, அதுல எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துல ஒரு சொட்டு விட்டு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு இறங்குங்க.

பவுடரை ஈரம் படாம மூடி வைங்க, இல்லன்னா கட்டியாயிடும், கட்டியானாலும் கரைச்சா வேலை செய்யும். கலந்த கரைசலை மாசக்கணக்குல ஸ்ப்ரே பாட்டில்ல வச்சுக்காதீங்க, பூஞ்சை படரும், ஒரு வாரத்துக்கு வேணுங்கறதை மட்டும் கலந்தா போதும். தெறிச்சா கண்ணுல பயங்கரமா எரியும், கைல கீறல் இருந்தா சொல்லவே வேணாம், கிளவுஸ் போட்டுக்கங்க. டப்பா மேல பெருசா பேர் எழுதி ஒட்டிடுங்க, பாக்க அப்படியே சர்க்கரை, அதனால சமையலறை அலமாரில வைக்காம பாத்ரூம் சாமானோட வைங்க.